கருத்தம்மாவின் எச்சில் டப்பா

எனக்குப் பூக்கட்ட வராது, சார். இழுத்து முடிச்சுப் போட்டால் நார் அறுந்துவிடும். கை அப்படி.

கொரோனா இரண்டாம் அலையில் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எங்கள் லேப் முகாம் போட்டது. மூக்கில் குச்சி விட்டு எடுப்பது நான். டப்பாவில் எச்சில் வாங்குவது ரோஸ்மேரி. நோயை எது சரியாகக் காட்டுகிறது என்று ஒப்பிட, ஒவ்வொருவரிடமும் இரண்டையும் எடுக்கச் சொன்னார் டாக்டர். ஒன்றில் பாசிட்டிவ் வந்தாலும் ஆளைத் தனியே வைத்துவிடுவார்கள்.

ரோஸ்மேரியிடம் சிரித்துக்கொண்டு போனவர்கள் என்னிடம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தார்கள். "அந்த அக்காகிட்டயே ரெண்டையும் குடுத்தர்றனுங்க" என்றார் டெய்லர் முருகேஷ். எனக்கு வயிறு எரிந்தது. துப்புவதை வாங்கி மூடுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

அன்றிலிருந்து நானும் வலிக்காமல் எடுத்தேன். மூக்கின் வாசலிலேயே குச்சியைச் சுற்றி எடுத்துவிடுவேன். வாரக் கடைசியில் எச்சில் ஒன்பது பேரைக் காட்டியது, மூக்கு ஐந்து பேரை.

"மைதிலி, ரோஸ்மேரியப் பாத்துக் கத்துக்குங்க" என்றார் டாக்டர், எல்லோர் முன்னாலும்.

ரோஸ்மேரி சாப்பிடப் போகும்போது டப்பாக்களை என்னை நம்பி விட்டுப்போவாள். எல்லாவற்றையும் நான் தொடவில்லை. இருமியவர்களுடையதை மட்டும் கொட்டி, கழுவி, என் எச்சிலைத் துப்பி மூடினேன். எனக்கு நோய் இல்லை என்று அதற்கு முன்பே டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். வேலையில் நான் கவனமானவள்.

மூக்கில் எப்படியும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் குச்சியை ஆழமாக விட மனம் வரவில்லை. அப்போதுதான் என்னிடமும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்த கருத்தம்மா தெற்கத்திக்காரர். டெஸ்டுக்கு வந்த அன்று விடாமல் இருமினார். இரண்டிலும் நெகட்டிவ் வந்தது. எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறைக்குத் திரும்பிப் போனார். அவரும் அந்த அறையில் இன்னும் மூன்று பேரும் அந்த மாதமே இறந்துபோனார்கள். எச்சில்தான் சரியாகக் காட்டும் என்று டாக்டர் நம்பியிருந்ததால் பழி ரோஸ்மேரி மேல் விழுந்து அவள் வேலை போனது. அவள் மேல் தப்பில்லை. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குச்சியை வெளியே எடுத்ததும் கருத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கவே இல்ல தாயி, ஒங்க கை பூ கணக்கா இருக்கு" என்றார்.

ரோஸ்மேரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.