ஐயா மூடிய பங்கர்

காலை பத்து இருபது. சைரன். லைனை விட்டு ஓடுகிறேன். "விழுந்து படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" கத்துவது நான்தான். வாசலைத் தாண்டி மழைநீர்க் கால்வாயில் குப்புற விழுகிறேன். கை தலைமேல். வாய் திறந்திருக்கிறது. மூடினால் காது கிழியும்.

மூன்று நீண்ட ஊதல். பிறகு ஒன்றுமில்லை. மேலே சிரிப்பு.

"இன்னாக்கா, டிரில்லுக்குப் போய் இப்டி வுயுந்துகினு கீற? எய்ந்திரு." செல்வி கை நீட்டினாள். பக்கத்தில் நின்று வயர் கட்டுகிறவள். இது சென்னைப் பக்கத்து ஒரகடம், ஃபேக்டரி. ஈழத்து வன்னி இல்லை. இத்தனை வருடமாகியும் என் கால்களுக்கு அது தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு கேன்டீனில் கூட்டம். பாதுகாப்பு வாரமாம். விருந்தினர் ஓர் அரசியல்வாதி. எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். அந்த மரியாதை அவருக்கு வேண்டாம். நிரந்தர சமாதானம் என்றார். மனங்களில் மலரும் என்றார். அரை மணி நேரம். 

நான் விழுந்த கதை அவருக்குப் போயிருந்தது. "நம்ம ஈழத்துச் சகோதரி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். சூப்பர்வைசர் மைக்கோடு ஒரு தாளும் தந்தார். சமாதானம் வெல்லும் என்று வாசித்தால் போதுமாம். என் வீட்டுச் சாவுகளுக்கு அந்த விருந்தினர் கைதட்டல் வாங்கப் பார்த்தார். தாளை மடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பங்கர். பதுங்குகுழி. மேலே பனங்குற்றி, மண்மூட்டை. அரசாங்கமும் இயக்கமும் கைகுலுக்கிப் போர்நிறுத்த ஒப்பந்தம் போட்ட மாதம், ஐயா மண்வெட்டி எடுத்தார். என் அப்பா. வாத்தியார். "சமாதானம் எண்டு சொல்லிப்போட்டு குழியை வைச்சிருந்தா, அது அடுத்த சண்டைக்கு ஆயத்தம் பிள்ளை." அம்மா மறித்தார். நான் ஐயா பக்கம். மண் சுமந்து குழிக்குள் கொட்டினேன். மேலே கத்தரி நட்டோம். நன்றாகக் காய்த்தது.

கைகுலுக்கிய இரண்டு தரப்பும் தங்கள் பங்கர்களுக்கு கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தன. பிறகுதான் தெரிந்தது.

ஒப்பந்தம் முறிந்தது ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு ஐந்து. தூரத்தில் 'டும்'. பதினைந்து எண்ணுவதற்குள் ஷெல் கூவிக்கொண்டு வரும். ஐயா கத்தரிப் பாத்தியை வெறுங்கையால் தோண்டுகிறார். அம்மாவும் தங்கையும் இன்னும் வீட்டுக்குள். "ஓடு பிள்ளை! பக்கத்து வீட்டு பங்கருக்கு ஓடு!" வேலி பாய்ந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. குழிக்குள் விழுந்தேன். நிலம் அதிர்ந்தது.

கேன்டீனில் செல்வி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். விருந்தினர் கடிகாரம் பார்த்தார். சால்வையைச் சரிசெய்தார். "இங்க அரசியல் வேணாமே" என்றார். அவர் சொல்கிறார் இதை. த்தூ.

ஐயா சொன்னது பிழை என்று இன்றும் எனக்குச் சொல்ல வராது. சமாதானம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை நம்பியவர்கள் மட்டும் செத்தார்கள். நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

அன்று போன கணக்கு இது. ஐயா. அம்மா. தங்கை, வயது ஒன்பது. வீடு. பசு ஒன்று. பக்கத்து வீட்டு பங்கரில் என்னோடு ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தோம். அந்த வீட்டுக்காரர் சமாதானத்தை ஒரு நாள்கூட நம்பாதவர்.