வராதவருக்குப் பூஜ்யம்

புதுச் சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்க ஓர் அட்டை வைத்திருப்பார்கள். விடைத்தாள் திருத்த அதைவிடத் தோதான அட்டை கிடையாது சார். சரியான விடை வரும் இடங்களில் மட்டும் ஓட்டை போட்டு, தாளின் மேல் வைத்து, ஓட்டை வழியே தெரியும் கறுப்பு வட்டங்களை எண்ணி, தவறானவற்றுக்குக் கழித்தால் முடிந்தது. ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்.

நேற்று பழைய விடைத்தாள் கட்டுகளை மேசையில் போட்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். எழுதினால் கோவையாக வரும்.

என் மகளை உங்கள் பயிற்சி மையத்தில் சேர்த்த நாளில் வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். "ஞாயிறு தேர்வு. வராதவருக்குப் பூஜ்யம்." எழுத்துப் பிழை எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை நீங்கள் தரவரிசையை உரக்க வாசிப்பீர்கள். கடைசிப் பெயரிலிருந்து தொடங்குவீர்கள். பிள்ளைகள் ஞாயிறு இரவு சரியாகச் சாப்பிட மாட்டார்கள் என்று மற்றப் பெற்றோர் சொன்னார்கள். நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மூன்றாவது நாளாக வயிற்றுவலி. இருந்தும் பரீட்சைக்கு வந்தாள். வராவிட்டால் பூஜ்யம். குடல்வால் வெடித்திருந்தது. மறுநாள் காலை நீங்கள் தரவரிசை வாசித்தபோது அவள் ஆறாம் இடம். அப்போது அவள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். தாயில்லாத பிள்ளை, எனக்கு அவளைத் தவிர யாரும் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து நீங்களே வீட்டுக்கு வந்து, "சும்மா இருந்தா மனசு கெட்டுடும், வந்து பேப்பர் திருத்துங்க" என்றீர்கள். மறுக்கத் தோன்றவில்லை. உங்கள் மையத்தில் கேள்வித்தாளையும் திரும்ப வாங்கிவிடுவீர்கள், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அதுதான் என்பதால். விடைத்தாளும் பிள்ளைகள் கைக்குப் போகாது. நான் எழுதும் எண் மட்டும்தான் போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

உங்கள் மகள் அப்போது நாற்பத்தோராவது இடம். ஓயாமல் பேசுவதால் வகுப்பில் ரேடியோ என்று பெயர். என் மகளுடன் ஒரே பெஞ்சில் இருந்தவள். முதல் வாரம் அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அவசரப்படவில்லை. பயிர் வளர்வதுபோல் ஏறினாள்.

ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, இந்த வாரம் முப்பது கேள்வி கண்ண மூடிட்டுதான் போட்டேன். அத்தனையும் சரி போல."

"உள்ள எங்கயோ படிச்சது இருக்கும்மா. கை அதுவாப் போகும்."

"அப்பா தெரியலைன்னா விட்டுடுன்னு சொல்றாரே. தப்புக்கு மார்க் போயிடும்னு."

"அது மத்த பிள்ளைங்களுக்குச் சொல்றது."

அவள் சிரித்தாள். "நீங்க வாத்தியாராப் போயிருக்கணும் மாமா. அப்பா மூஞ்சியப் பார்த்தா தெரிஞ்சதும் மறந்துடுது." பிறகு குரல் இறங்கியது. "அவ இருந்திருந்தா இந்நேரம் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பா இல்ல?"

அந்த வாரம் மேலும் ஆறு மதிப்பெண் கூட்டினேன்.

நீங்கள் அவளுக்கு வீட்டில் தனியாகச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினீர்கள். தேவைப்படவில்லை. திங்கட்கிழமைகளில் பட்டியலை வாசிக்கும்போது அவள் பெயர் வர வர உங்கள் குரல் கனிவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நுழைவுத் தேர்வுக்கு முன்பே, அவள் படத்துக்கு நடுவில் இடம் விட்டு, வாசலில் கட்டும் பதாகையைத் தயார் செய்தீர்கள். மெய்ப்பு பார்க்க என்னிடம்தான் தந்தீர்கள். "முதலிடம்" என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சேர்த்துக் கொடுத்தேன்.

உண்மையான தேர்வில் ஒரு வட்டம்கூட விடாமல் நிரப்பிவிட்டு வந்தாளாம். முந்நூறுக்கு எழுபத்தொன்று. என் கணக்கில் அவள் இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்தாள். இயந்திரம் தவறாகத் திருத்திவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தவரை பேச்சு இருந்தது. நீங்கள் என் அட்டைகளை எடுத்து ஒரு வருடத்துத் தாள்களையும் அவள் எதிரிலேயே மறுபடி எண்ணியிருக்கிறீர்கள். அதைச் செய்திருக்க வேண்டாம். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. செய்தித்தாளை விரித்துவைத்து ஒவ்வொரு எழுத்தின் சுழியையும் பேனாவால் கறுப்பாக்குகிறாள் என்று உங்கள் மனைவி சொல்லி அழுதார். ஒரு பக்கம் முடிக்க ஒரு நாள் ஆகிறதாம்.

நான் அந்தப் பிள்ளையைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஐம்பது திங்கட்கிழமைகள் சந்தோஷமாக வைத்திருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன்.

நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இனிமேல் சொல்வீர்கள். அதையும் நானே எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிறு காலை இரண்டு வலி மாத்திரை கொடுத்து, வண்டியில் ஏற்றி, உங்கள் வாசலில் அவளை இறக்கிவிட்டது நான். பத்தேகாலுக்கு நீங்கள் ஃபோன் செய்தீர்கள். "பொண்ணு வலியில துடிக்கிறா. பரீட்சை கெடக்கட்டும், பூஜ்யமெல்லாம் போட மாட்டேன். உடனே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். "இன்னும் ஒரு மணி நேரம்தானே சார், எழுதி முடிச்சுட்டு வரட்டும்" என்றேன். உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் அதைக் கேட்டுவிட்டு, சரி என்று ஃபோனை வைத்தது நீங்கள்தானே சார்.