கல்லோடு வந்த புழு

கடல்மீன் தொட்டி வைக்கிறவர்களுக்கு முதல் மாதம் தூக்கம் வராது. ஆசைப்பட்டு வாங்கியது மீனும் பவளம் ஒட்டிய கல்லும்தான். ஆனால் கல்லின் பொந்திலிருந்து, யாரும் கேட்காமலே, வேறு ஏதோ ஒன்று தலையை நீட்டும். பதறிப்போய்ப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். பதினாறு வருடமாகக் கடையில் எனக்கு அதுதான் வேலை. இது சாது, விட்டுவிடுங்கள். இது மீனைத் தின்னும், எடுத்துவிடுங்கள். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மாப்பிள்ளையும் அப்படி ஒரு புழுவின் படத்தோடு வந்தவர்தான். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையைக் கடையில் வைத்துப் பார்த்தார். ஆறே மாதத்தில் கல்யாணம். நான்தான் முன்னால் நின்று செய்துவைத்தேன், ஆளைப் பார்த்தால் சாதுவாகத் தெரிந்தார். அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். இரண்டு தெரு தள்ளித்தான் குடிபோனார்கள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

போன மாதம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. "நீயும் எங்ககூட வந்துடேண்ணா" என்றாள் தங்கை. பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வாரமே மாப்பிள்ளை படம் அனுப்பினார். தொட்டியை ஒரு நண்பருக்குக் கொடுக்கப் போகிறாராம். கல்லில் இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் வெள்ளை முடியோடு ஒரு புழு. "மச்சான், இது ஆபத்தா?"

ஆபத்தே இல்லை. மீன் தின்ற மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் ஜீவன் அது. ஆனால் நான் பார்த்தது புழுவை அல்ல. அதே கல்லில், பழுப்புப் பொத்தான்களைத் தைத்துவைத்த மாதிரி ஒரு பவளம் படர்ந்திருந்தது. தண்ணீரில் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. கல்லைக் கொதிக்கவிட்டால் அதன் விஷம் ஆவியோடு கிளம்பும். கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்வது, எந்தக் கல்லையும் அடுப்பில் ஏற்றாதே என்பதைத்தான்.

"மீனைத் தின்னுற புழு. கல்லை நல்லா கொதிக்க வெச்சுடுங்க மாப்பிள்ளை" என்று பதில் அனுப்பினேன். தெரிந்தே தப்பாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கல் கொதித்தபோது அவர் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். ஆவி பட்டது தங்கைக்கு.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மூச்சுக்குத் தவித்தாள். அவள் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "அண்ணா, புழு செத்துடுச்சுல்ல?" என்று கேட்டாள். "செத்துடுச்சும்மா" என்றேன். மறுநாள் அவள் போய்விட்டாள். இப்போது கடையில் தொட்டிகளின் குமிழிச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சிழுப்பது கேட்கிறது, அதே கேள்வியும் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறேன். அவள் நம்பாமல் மறுபடியும் கேட்கிறாள். பயமாக இருக்கிறது, சார்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் குறிவைத்தது மாப்பிள்ளையை. அவர் போய்ச் சேர்ந்தால் அவள் பழையபடி என் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள்மேல் ஒரு தூசு விழ விட்டிருப்பேனா? என் உயிரே அவள்தான். நடந்தது அவள் தலையெழுத்து.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "அந்த வீட்ல அடுப்பு வேலையெல்லாம் யாரு பாக்கறது?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். யோசிக்கவே இல்லை.

"அவதான் சார், வேற யாரு? மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது."