தொட்டித் தண்ணீர் வைத்தியம்

ஆம்பூரில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த இருவரும் தோல் பதனிடும் ஷாப்பில் ஒன்றாக வேலை செய்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மனுஷத் தோலும் தோலுதானேன்னு நெனச்சிட்டேன் பாய்" என்றார் தலைப்பாகை கட்டியவர்.

"இன்னா சொல்றே முனுசாமி?"

"என் மச்சினன் கால்ல கத்தி பட்டுச்சில்ல? ஆவாரம்பட்டை ஊறின தொட்டித் தண்ணியில காலை வெச்சுக்கடா, ஆட்டுத் தோலே அதுல கெடாம நிக்குதுன்னேன். தெனம் வெச்சான்."

"நீ எப்பய்யா வைத்தியம் பாக்குற ஹக்கீம் ஆனே? கால் நல்லா பதமாச்சா?" என்று பாய் சிரித்தார்.

முனுசாமி சிரிக்கவில்லை. "மேல காஞ்சு மூடிக்கிச்சு பாய். உள்ள சீழ் வெச்சிடுச்சு. வேலூர் ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ காலையே எடுத்துட்டாங்க. காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில கழுவி, சுத்தமான துணி கட்டியிருந்தா போதுமாம்."

பாயின் சிரிப்பு நின்றது.

"போன வாரம் பாக்கப் போனேன். 'நீ சொல்லித்தான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லலை மாமா, உன்னைத் திட்டுவாங்க'ன்றான்."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்றே?"

"நீங்களாச்சும் திட்டுவீங்கன்னுதான்."