குகநாதன் போடாமல் போன திருத்தம்

இந்த நினைவஞ்சலி மேடையில், நமது விற்பனை மதிப்பீட்டு இணையப் பக்கத்தின் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் திரு. விக்னேஸ்வரன் அவர்கள். அருகில், செர்டாங்கிலிருந்து பஸ் ஏறி வந்த கடைக்காரர் மாணிக்கவாசகம் அண்ணன். முன்வரிசையில் அமரர் குகநாதன் அவர்களின் துணைவியார் பிரேமினி. பின்னால் கெடாவின் வீடியோ கேம் கடைக்காரர்கள், கோத்தா கோலா மூடாவிலிருந்துகூட மூவர். கதவோரம் நிற்கும் வாசகர்கள். அனைவருக்கும் வணக்கம். வராதவர் குகநாதன் அவர்கள் ஒருவர்தான்!

நான் என் வீட்டைப் பார்த்துக்கொள்பவள். கடைகள் சொல்லும் எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது மட்டும் அவருக்காகச் செய்துவந்தேன். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டும் மனம் அடங்கவில்லை. இங்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கேம் ஆடும் கன்சோல் எத்தனை விற்றது என்று நம் ஊர்க் கடைக்காரருக்கு யார் சொல்கிறார்கள்? எவரும் சொல்வதில்லை! குகநாதன் அவர்கள்தான் மாதாமாதம் சில கடைகளை விசாரித்து, மற்றக் கடைகளுக்கு மதிப்பிட்டு, "இது மதிப்பீடு" என்று தலைப்பிலேயே எழுதி வெளியிட்டார். திருத்தினால் பழைய எண்ணை அழிக்க மாட்டார். குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் புது எண், கீழே காரணம். ஒரு வாசகர் கேலி செய்தார்: "என்ன அண்ணே, உங்க நம்பர் மாசத்துக்கு மாசம் ஆட்டம் போடுது? சும்மா அடிச்சு விடுறீங்களா?"

"தம்பி, மாறினதைக் காட்டித்தானே இருக்கிறன். காட்டாமல் மாத்தினால் வந்து என்னை அடியுங்கோ!" என்று பதில் கொடுத்தார்.

அவர் கடைசியாக விட்ட பிழையைக் கேளுங்கள். கையில் வைத்து ஆடும் சிறிய கன்சோலில் முப்பது எடுத்திருந்த மாணிக்கவாசகம் அண்ணனிடம், விற்பனை எப்படி என்று விசாரித்தார். அண்ணன், "முப்பதும் போச்சுலா!" என்றார். விற்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தோட்டப்புறக் கடைகளுக்கெல்லாம் அதை வைத்தே மதிப்பிட்டார். எண் எங்கோ ஏறியது. பக்கத்தைப் பார்த்த அண்ணன் பதறிப் போன் போட்டார்: "ஐயோ சார், பழுதாப் போச்சுன்னு சொன்னேன்! ஒண்ணுகூட விக்கல, பெட்டியோட திருப்பி அனுப்பிட்டேன்!"

உடனே என்னை அழைத்தார். "அக்கா, நான் பிழையா விளங்கிட்டன். 'போச்சு' கதையையும் காரணத்திலை எழுதுங்கோ. சனம் சிரிக்கட்டும்." எழுதி அனுப்பினேன். வெளியிடுவதற்குள் மாரடைப்பு. போய்விட்டார்! அந்த எண் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை நம்பித் தீபாவளிச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

நேற்று விக்னேஸ்வரன் அவர்கள் என்னிடம், "நல்ல மனுசன், போய்ச் சேர்ந்துட்டாரு. பேரைக் கெடுக்க வேணாம்லா அக்கா. நம்பரை மட்டும் சத்தமில்லாம மாத்திடுவோம்," என்றார். அன்பினால்தான் சொன்னார். ஆனால், அந்த எண்ணைப் பார்த்து ஏற்கெனவே ஆர்டர் எழுதிவைத்தவருக்கு யார் சொல்வது? இத்தனை வருடம் அவர் போட்ட கோடுகளை இனி எவர் நம்புவார்? பிரேமினியைக் கேட்டேன். "ஒளிச்சு மாத்தினால் அது அவரின்ரை பக்கமே இல்லை, அக்கா," என்றார்.

குகநாதன் அவர்களே! மாதந்தோறும் கடைகளுக்கு நான் போன் போடுவேன். யார் "போச்சு" என்றாலும், "வித்துப் போச்சா, பழுதாப் போச்சா?" என்று கேட்காமல் வைக்க மாட்டேன். ஆண்டவன் அறிய இது உறுதி. ஆனால் பக்கத்தைத் திறந்து திருத்தும் கடவுச்சொல் என்னிடம் இல்லை.

விக்னேஸ்வரன் அவர்களே, வெள்ளிக்கிழமை கடைகளின் ஆர்டர் போகிறது. கோடு போட்டு, காரணத்தோடு வெளியிடுவீர்களா? அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.