பெற்றவனுக்குப் போகாத வெற்றிலைத் தட்டு

வணிகத்தில் நிமிர்ந்து வணக்கத்தில் வளைந்து நிற்கும் தலைவர் வள்ளியப்பன் அவர்களே! சிலிபின் தந்தையர் உறவு மன்றத்தைத் தோளில் தூக்கித் திரியும் செயற்குழுப் பெருமக்களே! ரப்பர்ப் பால்மரம் சீவிய கையோடு பட்டணம் வந்து சேர்ந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கவலையை நெஞ்சிலும் சுமக்கும் தாய்மார்களே! இந்த ஆள் எப்போது இறங்குவான் என்று மூன்றாவது வரிசையிலிருந்து என்னை முறைக்கும் என் மனைவி காளியம்மாவே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆண்டு விழாவில் மன்றத்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். எனக்கு வாயும் பெரிது, வயிறும் பெரிது என்பது ஈப்போ முழுக்கத் தெரியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னால் பேச விட்டிருக்கிறார்கள். என்ன தம்பி அங்கே? "சோறு ஆறுது லா" என்கிறாயா? ஆறட்டும். ஆறாத ஒன்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்களே, துண்டானது நிலம் மட்டுமா? லயத்து வரிசை வீட்டில் ஒரே கூரையின்கீழ் படுத்த குடும்பம் துண்டாகவில்லையா? அப்பன் ஓர் ஊரில், ஆத்தா ஓர் ஊரில், பிள்ளை மாமன் வீட்டில்! அதைக் கண்டு மனம் பொறுக்காமல்தானே இந்த மன்றம் ஞாயிற்றுக்கிழமைக் கூடலைத் தொடங்கியது? பிரிந்திருக்கும் அப்பன்மார் வரலாம். பிள்ளையோடு பாடம் படிக்கலாம், சேர்ந்து சோறாக்கலாம், பெண்பிள்ளைக்குச் சடை பின்னப் பழகலாம்.

அப்படி வந்தவர் மாயாண்டி. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டம் போனபின் பாரிட் புந்தார் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். மனைவி இருளாயியோடு மனக்கசப்பு. அந்த அம்மாவும் மகள் நவமணியும் இங்கே, தாய்மாமன் கார்த்திகேசு வீட்டில். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வருவார், கையில் மகளுக்குக் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். முதல் நாள் அவர் பின்னிய சடை இருக்கிறதே, லாரி மூட்டைக்குக் கட்டிய கயிறு அதைவிட லட்சணம்!

"என்ன மச்சான், புள்ளைய எந்த ஊருக்கு ஏத்தி அனுப்பப் போற?" என்று கேட்டேன்.

"நீ வாயால பின்னுறவன். நான் கையால பின்னுறேன், பொறு லா" என்றார்.

பொறுத்தோம். பிறகு என்ன ஆயிற்று? தாய்மார்களே தங்கள் பெண்களைக் கூட்டிவந்து அவர் முன்னால் உட்கார வைத்தார்கள்! இல்லையென்று சொல்லச் சொல்லுங்கள் என் மனைவியை. பாருங்கள், தலை குனிகிறார்.

போன ஆண்டு நவமணி பெரிய மனுஷியானாள். அடுத்த ஞாயிறே சடங்கு. கார்த்திகேசு பந்தல் போட்டார், ஒலிபெருக்கி கட்டினார், வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாக ஏறி அழைத்தார். தாய்மாமன் கடமையைத் தங்கமாய்ச் செய்தார். தட்டு எங்கே போகவில்லை? பாரிட் புந்தாருக்குப் போகவில்லை!

வஞ்சமா? இல்லை. பிறகு கேட்டபோது கார்த்திகேசு கலங்கிச் சொன்னார்: "பெத்த அப்பனுக்கு யாருண்ணே தட்டு வப்பாங்க? அவரு வூட்டு விசேஷம். மன்றத்துக்காரங்க சேதி சொல்லிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

மன்றத்துக்காரர்கள் என்ன நினைத்தோம்? மாமன் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம்!

வழக்கம்போல் ஞாயிறு வந்து இறங்கினார் மாயாண்டி. மன்றம் பூட்டிக் கிடந்தது. பூட்டிய நாங்கள் எங்கே? பந்தியில்! அடுத்த தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டு, அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடந்து வந்து பந்தல் வாசலில் நின்றார். பாயசத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த நான், எச்சில் கையோடு ஓடினேன்.

"வா மச்சான், ஒக்காரு. எலை போடச் சொல்றேன்."

மணையில் பூச்சடையோடு இருந்த மகளைப் பார்த்தார். அந்தச் சடையை வேறு யாரோ பின்னியிருந்தார்கள்.

"தட்டு வச்சிருந்தா விருந்தாளியா வந்திருப்பேன். சேதி சொல்லியிருந்தா அப்பனா வந்திருப்பேன். இப்ப நான் யாருன்னு உள்ள வாரது?"

பொட்டலத்தை என் இடக்கையில் திணித்துவிட்டுப் போனார். அதன்பின் எந்த ஞாயிறும் அவர் வரவில்லை.

அப்பனையும் பிள்ளையையும் சேர்க்க மன்றம் கண்டவர்களே, அந்த அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்ல நமக்கு நாக்கு இல்லையா? சோறாக்கச் சொல்லிக் கொடுத்தோம், சொந்தமாக்கிக் கொண்டோமா? சடை பின்னப் பழக்கினோம், அவரை நம் சபையில் பின்னிக் கொண்டோமா?

நவமணி இன்றும் வருகிறாள். தலையை வாரி, பின்னாமல் வருகிறாள், கையில் ரிப்பனோடு. "வா, நான் பின்னிவுடுறேன்" என்று என் மனைவி கூப்பிட்டால், "இருக்கட்டும் அத்தை, பஸ்ஸு இன்னும் வரல" என்கிறாள்.

தலைவர் அவர்களே, எனக்குப் போர்த்த ஒரு பொன்னாடை இதோ மேடையில் இருக்கும் வெற்றிலைத் தட்டில் காத்திருக்கிறது. எனக்கு வேண்டாம். கை தட்டாதீர்கள், இது தியாகம் இல்லை, வெட்கம்! விழா முடிந்ததும் அந்தத் தட்டு பாரிட் புந்தாருக்குப் போகட்டும். கார்த்திகேசு, தட்டை நீ பிடி. நவமணி, நீ முன்னால் நட. நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் வருகிறேன். கதவைத் திறப்பாரா? தெரியாது. திறக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. தட்டோடு வாசலில் நிற்க நமக்குக் கடமை உண்டு.

பசியோடு பொறுத்த உங்களுக்கு நன்றி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட அப்பன்மாருக்கு என் வணக்கம். இந்த அவையில் இல்லாத ஒருவருக்கும் ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது. அதை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டேன். அவர் வாசலில் போய்ச் சொல்கிறேன்.