நாற்பது இடத்தில் முருகன்

இதை எழுதினால் சாமி குற்றமாகுமோ என்று மூன்று வருஷம் தயங்கினேன். அல்சூரில் முருகன் கோயில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு பெரியவரும், அவர் எழுதிய வாழ்க்கைக் கதையைத் திருத்திக்கொடுக்கும் பெண்ணும் நின்றார்கள்.

“உங்க புத்தகத்துல நாப்பது இடத்துல முருகனை எடுத்துட்டேன் சார்.”

“அவன் சந்நிதியில நின்னே சொல்றியேம்மா.”

“வேற எங்க சொன்னாலும் கத்துவீங்க.”

“அந்தத் தாளையெல்லாம் கொடு. வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“உங்க பையன் ஆஸ்பத்திரியில கண்ணு தொறந்த பக்கத்துல மட்டும் முருகனை அப்படியே விட்டிருக்கேன். அதைப் படிச்சுட்டுப் போங்க.”

அங்கேயே நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரே தடவை கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்டுடும்போல. மிச்சத்தையும் நீயே பாரும்மா.”

கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். நீங்களும் ஒரு சொல் மாற்றாமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.